‘ஊசி போட்டால்தான் ரெய்டு போக முடிகிறது’

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 23 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறோம்.

டிப்ளமோ முடித்துவிட்டு உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். பள்ளிக்கூட நாளிலிருந்தே கபடிதான் உயிர். ஊர் அணியின் முதல் ரெய்டர். கோயில் கொடையை ஒட்டி நடக்கும் போட்டிகளில் ஒரே ராத்திரியில் மூன்று நான்கு ஆட்டம் ஆட வேண்டி வரும். ஏழு மாதங்களுக்கு முன் அப்படி ஓர் இரவில் கால் ஓய்ந்துபோனபோது, ஜிம் மாஸ்டர் ‘பீ.பி. ஊசி’ என்று ஒன்றைப் போட்டுவிட்டார். அன்றைக்குக் களைப்பே தெரியவில்லை. பிறகு ஆட்டத்துக்கு மட்டும் என்றிருந்தது பயிற்சிக்கும் ஆனது. இப்போது வாரத்தில் ஐந்து நாள். முதலில் போட்ட அளவைப் போல நான்கு மடங்கு போட்டால்தான் அந்தப் பழைய வேகம் வருகிறது. குப்பியில் மெஃபென்டெர்மைன் என்று எழுதியிருக்கிறது. ஒரே குப்பியிலிருந்து நான்கைந்து பேர் எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர் கேட்பது இது: “இது ஸ்டீராய்டு இல்லை, போதை மருந்தும் இல்லை, பிரசவ ஆபரேஷனில் கர்ப்பிணிகளுக்கே போடுவார்கள் என்று மாஸ்டர் சொல்கிறார். அப்படியென்றால் எனக்கு ஏன் ராத்திரி முழுக்க நெஞ்சு படபடக்கிறது? அம்மாவின் பிரஷர் மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொண்டால் சரியாகுமா? மூன்று நாள் நிறுத்திப் பார்த்தேன், படுக்கையை விட்டே எழ முடியவில்லை. இரண்டு மாதத்தில் மாநில அணித் தேர்வு வருகிறது. சோதனையில் தெரியுமா? போன வாரம் ரெய்டு போனபோது நெஞ்சை யாரோ பிடித்த மாதிரி இருந்தது, பத்து நிமிஷத்தில் போய்விட்டது. கூட ஆடுகிற பசங்க என்னைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்கிற மாதிரியும் தோன்றுகிறது. டாக்டரிடம் போனால் போலீஸ் வருமோ என்றும் பயமாக இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.”

அன்புள்ள தம்பி,

நான் மயக்க மருந்து டாக்டர். நீங்கள் சொல்லும் அந்த ஊசி தினமும் காலையில் என் தட்டில் இருக்கும். இருபது வருடத்துக்கு மேலாக அதைக் கையாண்டு வருகிறேன். அதனால்தான் உங்கள் கடிதம் எனக்கு இவ்வளவு கலக்கத்தைத் தந்தது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளிலிருந்து ஆரம்பிக்கிறேன். நெஞ்சைப் பிடித்த மாதிரி இருந்தது என்கிறீர்கள். பசங்க தனியாகப் பேசிக்கொள்வதாகத் தோன்றுகிறது என்கிறீர்கள். கடிதத்தில் இருக்கும் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இவை இரண்டுதான் அவசரம். இந்த வாரத்துக்குள் ஓர் அரசு மருத்துவமனையிலோ இதய மருத்துவரிடமோ ஈ.சி.ஜி.யும் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும் வரை களத்தில் இறங்காதீர்கள். நெஞ்சு இறுக்கமோ, மயக்கம் வருகிற மாதிரியோ, தாங்க முடியாத தலைவலியோ இன்னொரு முறை வந்தால் பத்து நிமிஷம் காத்திருந்து பார்க்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன ஊசி போட்டீர்கள் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, இனி நிதானமாகப் பேசலாம்.

கர்ப்பிணிக்குப் போடும் ஊசிதான், ஆனால்...

மாஸ்டர் சொன்னது பொய்யில்லை. பாதி உண்மை. சிசேரியனுக்கு முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசி போடுகிறோம். அது வலியை மட்டும் நிறுத்துவதில்லை. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் சேர்த்து உறங்க வைத்துவிடுகிறது. குழாய்கள் தளர்ந்து, இரத்தம் கால் பக்கம் தேங்கி, இரண்டு மூன்று நிமிஷத்தில் பிரஷர் சரசரவென்று இறங்கும். தாய்க்குக் குமட்டல் வரும், குழந்தைக்குப் போகும் இரத்தம் குறையும். அந்த நேரத்தில் மெஃபென்டெர்மைனை நீர்த்து, 3 அல்லது 6 மில்லிகிராம் இரத்தக் குழாயில் ஏற்றுவோம். இப்போது பல இடங்களில் இதற்குப் பதிலாக ஃபீனைலெஃப்ரினைத்தான் முதலில் எடுக்கிறோம். நம் நாட்டு மருத்துவமனைகளில் மெஃபென்டெர்மைனும் இன்னும் புழக்கத்தில் உண்டு.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விழுந்துவிட்ட பிரஷரை இருக்க வேண்டிய இடத்துக்குத் தூக்கி வைக்கிறோம். அந்தப் பெண் படுத்திருக்கிறார். விரலில் ஆக்சிஜன் மானி, கையில் பிரஷர் பட்டை, மார்பில் ஈ.சி.ஜி. ஒயர், தலைமாட்டில் நான். உங்களுக்கோ பிரஷர் விழவே இல்லை. ஆட்டத்தின் வேகத்தில் அது ஏற்கெனவே மேலே ஏறியிருக்கும். அதற்கு மேல் இந்த ஊசி. பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை, கருவியும் இல்லை. கடையில் கிடைக்கும் 10 மில்லி குப்பியில் மில்லிக்கு 30 வீதம் 300 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. நான் ஒரு தடவை கொடுக்கும் 6 மில்லிகிராமைப் போல ஐம்பது பங்கு அது. அந்தக் குப்பி ஒரே ஆளுக்கு என்று தயாரிக்கப்பட்டதே இல்லை.

‘போதை மருந்து இல்லை’ என்பது சரியா?

இந்த மருந்தின் உருவத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். பள்ளியில் படித்த பென்சீன் வளையத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அதிலிருந்து இரண்டு கரி அணுக்கள் கொண்ட ஒரு வால், வாலின் நுனியில் ஒரு நைட்ரஜன். நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கரி அணுவில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் அது ஆம்ஃபெட்டமைன். 1887-லேயே பெர்லினில் லசார் எடலியானு என்ற ருமேனிய வேதியியலாளர் அதைத் தயாரித்துவிட்டார். நைட்ரஜனிலும் ஒரு மெத்திலை வைத்தால் மெத்தாம்ஃபெட்டமைன், செய்திகளில் ‘மெத்’ என்று வருவது அதுதான். அந்த மெத்தாம்ஃபெட்டமைனின் பக்கத்துக் கரி அணுவில் இன்னும் ஒரே ஒரு மெத்திலைச் சேர்த்தால், தம்பி, உங்கள் குப்பியில் இருக்கும் மெஃபென்டெர்மைன்.

ஒரு மெத்தில் கூடினால் குணம் மாறத்தான் செய்யும். மெத்தைப் போல இது மூளையை அவ்வளவு பலமாகத் தாக்காது. இதயத்திலும் இரத்தக் குழாயிலும்தான் இதன் வேலை அதிகம். அதனால்தான் இதை மருந்தாக வைத்திருக்கிறோம். ஆனால் அளவு ஏற ஏற அந்த வித்தியாசம் தேய்ந்துகொண்டே வரும். நம் உடம்பு தானாகச் சுரக்கும் நார்அட்ரினலினுக்கும் வளையமும் வாலும் உண்டு. ஆனால் அதில் தண்ணீரோடு ஒட்டும் ஹைட்ராக்சில் தொகுதிகள் மூன்று இருப்பதால் மூளைக்குள் நுழைய முடியாது. மெஃபென்டெர்மைனில் அவை இல்லை. கொழுப்பில் சுலபமாகக் கரைந்து மூளைக்குள் போய்விடும். நார்அட்ரினலினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு, மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்று பெயர். நைட்ரஜனுக்குப் பக்கத்தில் காவல்காரர்கள் மாதிரி நிற்கும் மெத்தில்கள் அந்த நொதியை நெருங்கவிடாது. ஆகவே மருந்து நின்று வேலை செய்யும்.

இன்னொன்றும் நடக்கிறது. உங்கள் கல்லீரல் நைட்ரஜன் மேல் இருக்கும் மெத்திலைக் கழற்றிவிட்டு இதை ஃபென்டெர்மைன் ஆக்குகிறது. பசியை அடக்க அமெரிக்காவில் 1959 முதல் விற்கப்படும் மருந்து அது. இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலேயே அதன் பெயர் இருக்கிறது. ஃபென்டெர்மைன் இரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 20 மணி நேரம் ஆகும். சாயங்காலம் போட்ட ஊசிக்கு விடிய விடிய நெஞ்சு ஏன் படபடக்கிறது என்று கேட்டீர்களே, காரணம் இதுதான். முந்தின நாள் ஊசி உடம்பை விட்டுப் போவதற்குள் அடுத்த நாளுடையது வந்து சேர்ந்துகொள்கிறது.

வேகம் எங்கிருந்து வருகிறது

மெஃபென்டெர்மைன் உங்களுக்கு எந்தச் சக்தியையும் கொண்டுவந்து தருவதில்லை. நரம்பு நுனிகளில் நார்அட்ரினலின் சின்னச் சின்னப் பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். ஆபத்து நேரத்தில் ஓடவும் எதிர்த்து நிற்கவும் உடம்பு வைத்திருக்கும் இருப்பு அது. இந்த மருந்து நரம்புக்குள் புகுந்து அந்த இருப்பை வெளியே தள்ளுகிறது. விதைநெல்லை எடுத்துச் சமைக்கிற மாதிரி. ஒரு நாள் விருந்து நன்றாகத்தான் இருக்கும்.

முதல் நாள் இருப்பு நிறைய இருந்தது, கொஞ்சம் ஊசிக்கே வேகம் வந்தது. பை மறுபடி நிறைவதற்குள் அடுத்த ஊசி, அதற்கு அடுத்தது. இப்போது நான்கு மடங்கு போட்டால்தான் பழைய வேகம் வருகிறது. மூன்று நாள் நிறுத்தியபோது எழ முடியாமல் போனதை ‘ஊசி இல்லாமல் என்னால் முடியாது’ என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். உண்மையில் அது வெறும் பையின் களைப்பு. நிறைய நேரம் கொடுத்தால் நிறையும்.

இதில் எனக்கென்று தனியாக ஒரு பயம் உண்டு. கபடிக்காரர்களுக்கு முழங்கால் தசைநார் அறுந்துபோவது சகஜம். நாளைக்கே ஓர் ஆபரேஷனுக்கு நீங்கள் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதுகில் ஊசி போட்டதும் பிரஷர் இறங்குகிறது. நான் வழக்கம்போல மெஃபென்டெர்மைனையோ அதே வகை மருந்தான எபெட்ரினையோ ஏற்றுகிறேன். இரண்டுமே பெரும்பாலும் நரம்பின் இருப்பை நம்பி வேலை செய்பவை. இருப்பே இல்லையென்றால் பிரஷர் சரியாக ஏறாது. முன்பே சொல்லியிருந்தால் குழாயின் மேல் நேரடியாக வேலை செய்யும் வேறு மருந்தைத் தயாராக வைத்திருப்பேன். ஆகவே எந்த ஆபரேஷனுக்கு முன்னாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, இந்த ஏழு மாதக் கதையை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

களைப்பு தெரியாமல் போவதும் நல்லதில்லை. ‘போதும், நிறுத்து’ என்று உடம்பு சொல்லும் குரல் அது. 1967 ஜூலை 13 அன்று, பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மோன் வான்டூ மலை ஏறும்போது டாம் சிம்ப்சன் என்ற இங்கிலாந்து வீரர் விழுந்து இறந்துபோனார். கொதிக்கும் வெயில், உடம்பில் நீர் வற்றிய நிலை. இரத்தத்தில் ஆம்ஃபெட்டமைனும் மதுவும் இருந்தன. அவருக்கு வயது 29. இந்த வகை மருந்துகள் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களை இறுக்கிவிடுவதால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் போகிறது. நம் ஊர்ப் பங்குனி, சித்திரை வெயிலில் பயிற்சி எடுப்பவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பசங்க பேசிக்கொள்வதாகத் தோன்றுவது

சந்தேகம் இப்படித்தான் மெதுவாக ஆரம்பிக்கும். ஆம்ஃபெட்டமைன் குடும்பத்து மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளையும் கிளறிவிடும். தூக்கமும் கெட்டுப்போனால், யாரோ பின்தொடர்கிறார்கள், நம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற எண்ணம் வரும், பிறகு குரல்கள்கூடக் கேட்கும். மெஃபென்டெர்மைனுக்கு இது புதிதும் இல்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் குழாயாக இதை விற்றார்கள். அதைத் தவறாகப் பயன்படுத்தி மனநோய்க்கு ஆளானவர்களைப் பற்றி 1970-லேயே அங்குள்ள மனநல மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு இப்போது ‘மாதிரி தோன்றுகிறது’ என்ற அளவில் இருக்கிறது. அது வெறும் தோற்றமாக இருக்கலாம் என்ற தெளிவும் உங்களிடம் இருக்கிறது. அந்தத் தெளிவு இருக்கும்போதே மனநல மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஊசியை நிறுத்தித் தூக்கம் திரும்பியதுமே இது அடங்கிவிடும்.

அம்மாவின் மாத்திரை வேண்டாம்

தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பிரஷர் மாத்திரையில் பல வகை உண்டு. அட்டெனலால் போன்றவை இதயத் துடிப்பைக் குறைக்கும். ஆனால் ஊசி இறுக்கிப் பிடித்திருக்கும் குழாய்களை அவை தளர்த்தாது. படபடப்பு குறைந்த மாதிரி இருக்கும், பிரஷரோ இறங்காமல் நிற்கும், சில சமயம் ஏறவும் செய்யும். மருத்துவமனையிலேயே இந்த நிலையில் எந்த மருந்து கொடுப்பது என்று யோசித்துத்தான் கொடுப்போம். அப்புறம், ஜிம்மில் தரும் காபின் தூள், மூக்கடைப்பு மாத்திரை இரண்டையும் இந்த ஊசியோடு சேர்க்கவே கூடாது. மூன்றும் ஒரே பக்கம் இழுப்பவை.

ஒரே குப்பி, நான்கைந்து பேர்

ஊசி ஆளுக்கொன்று புதிதாக இருந்தால் போதும் என்று நினைத்திருப்பீர்கள். ஒருவர் குத்திக்கொண்ட ஊசி இரண்டாம் முறை எடுக்கக் குப்பிக்குள் போனாலே அவருடைய இரத்தம் அந்த மருந்தில் கலந்துவிடும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி மூன்றும் இந்த வழியில் பரவும். அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் என்று இருக்கும். எச்.ஐ.வி. சோதனை அங்கே இலவசம், விஷயம் வெளியே போகாது. இப்போது ஒரு முறை, கடைசியாகப் பகிர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து ஒரு முறை செய்துகொள்ளுங்கள். பி, சி சோதனைகளையும் கேட்டுச் செய்யுங்கள். பி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். சி இருந்தாலும் இப்போது சில மாத மாத்திரையில் குணமாகிவிடுகிறது. உங்களோடு போட்டுக்கொண்ட மற்றப் பையன்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களில் யாருக்குமே இது தெரிந்திருக்காது.

தேர்வும் சோதனையும்

சோதனையில் தெரியும். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் மெஃபென்டெர்மைன் பெயர் சொல்லியே இருக்கிறது, ஃபென்டெர்மைனும் இருக்கிறது. சிறுநீரில் இரண்டையும் தேடுவார்கள். இந்திய வீரர்கள் பலர் இந்த ஒரே மருந்தால் சிக்கியிருக்கிறார்கள். தற்செயலாக உடம்பில் சேர்ந்திருக்கலாம் என்று சலுகை காட்டும் பிரிவில் இது இல்லை. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நீங்கள் நிரூபிக்காவிட்டால் நான்கு வருடத் தடை. ‘மாஸ்டர் போட்டார், எனக்குத் தெரியாது’ என்பது எடுபடாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது. போட்டுவிட்ட பயிற்சியாளருக்கும் தண்டனை உண்டு. நான்கு வருடத்தில் தொடங்கி ஆயுள் தடை வரை போகலாம்.

தேர்வுக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்தினால் தப்பிக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது எனக்குச் சந்தோஷம். இந்தத் தேர்வை விட்டுவிடுங்கள் என்றுதான் உங்கள் அக்கா இடத்தில் இருந்து சொல்வேன். 23 வயதில் ஒரு தேர்வு போனால் அடுத்தது வரும். ஈ.சி.ஜி. பார்க்காத இதயத்தோடு அந்தக் களத்தில் நீங்கள் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

நிறுத்துவது எப்படி

குடிகாரர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். இதில் அந்த ஆபத்து இல்லை, இன்றைக்கே நிறுத்தலாம். முதல் சில நாள் தூக்கமும் பசியும் அள்ளிக்கொண்டு போகும். தூங்குங்கள், சாப்பிடுங்கள். கடையில் ஒரு வாரம் லீவு கேளுங்கள். அதற்கு அப்புறம் வரும் இரண்டு மூன்று வாரம்தான் கஷ்டம். எதிலும் ஆசை இல்லாமல், அழுகையாக, எரிச்சலாக இருக்கும். உடம்பு பழையபடி ஆகாது என்றே தோன்றும். அந்த நாட்களில் தனியாக இருக்காதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அந்த நிமிஷமே டெலிமானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், இரவு பகல் எப்போதும் தமிழில் பேசுவார்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இந்த ஏக்கத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. கவுன்சலிங், தூக்கம், கூட ஓர் ஆள், ஜிம்மை மாற்றுவது, இவைதான் வேலை செய்கின்றன. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதே ஜிம், அதே மாஸ்டர், அதே சாயங்காலம் என்றால் கை தானாக நீளும்.

டாக்டரிடம் போனால் போலீஸ் வருமா என்ற பயமும் கடிதத்தில் தெரிகிறது. நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருத்துவர் சீட்டு இல்லாமல், உரிமம் இல்லாமல் இந்த ஊசியை விற்பது 1940-ஆம் வருட மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி குற்றம். அந்தக் கேள்வி விற்றவரைப் பார்த்துத்தான் முதலில் வரும். நீங்கள் சிகிச்சைக்கு வந்ததை ரகசியமாக வைத்திருப்பது டாக்டரின் கடமை. 2017-ஆம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம், மருந்துப் பழக்கத்தால் வரும் மனநலப் பிரச்சினைகளுக்கும் அந்த ரகசிய உரிமையைத் தருகிறது. மாஸ்டர் மேல் மருந்து கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுப்பதா என்பதை உடம்பு தேறிய பிறகு முடிவு செய்யலாம். இப்போது அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும். எக்கோ எடுக்கப் போகும்போது ஓர் ஆள் கூட வர வேண்டும், அடுத்த மூன்று வாரம் வீட்டில் ஒருவர் உங்களைக் கவனிக்க வேண்டும். நேராக அப்பாவிடம் முடியாது என்றால் முதலில் அம்மாவிடமோ அவர் பேச்சைக் கேட்கும் மாமாவிடமோ சொல்லுங்கள். ‘ஊசி போட்டேன்’ என்று ஆரம்பிக்காமல், ‘போன வாரம் விளையாடும்போது நெஞ்சு வலித்தது, டாக்டரிடம் போகணும், நீங்க கூட வரணும்’ என்று ஆரம்பியுங்கள். மீதியை மருத்துவமனைப் பெஞ்சில் காத்திருக்கும்போது சொல்லலாம். டாக்டர் முன்னால் சொன்னாலும் சரி.

எக்கோ ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். மறுபடி எப்போது ஓட ஆரம்பிக்கலாம், எப்போது களத்துக்குத் திரும்பலாம் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.